வேக வரம்பு

நூற்பாலைப் பெண்களின் வேலைநிறுத்தம் பற்றிய அந்தப் பழைய ஆவணப்படத்தில் தமயந்தியின் அம்மா பேசுகிறாள். அம்மா இறந்த பிறகு அவள் குரல் வேறெங்கும் மிச்சமில்லை. முகம் தெரியாத ஒருவர் மட்டும் படத்தை டோரன்ட் வழியாக இணையத்தில் பகிர்ந்துகொண்டிருந்தார். வீடு மாறுவதால் இன்று மாலையோடு நிறுத்திவிடுவதாக எழுதியிருந்தார். பதிவிறக்கமோ ஊர்ந்துகொண்டிருந்தது.

தமயந்தி கேபிளை மாற்றிப் பார்த்தாள். ஃபயர்வாலைத் தளர்த்தினாள். கடைசியில் ரவுட்டரின் செட்டிங்கைத் திறந்தாள். வீட்டிலிருந்த கருவிகளில் அவளுடைய லேப்டாப்புக்கு மட்டும் வேக வரம்பு போடப்பட்டிருந்தது.

அடுத்த அறையில் அலுவலக மீட்டிங்கில் இருந்தான் கணவன் ரகுபதி. கதவைத் தள்ளிக்கொண்டு போய் நின்றாள்.

"என் லேப்டாப்புக்கு ஸ்பீடைக் குறைச்சது நீங்களா?"

அவன் மைக்கை அணைத்தான். "ஆமா. என் மீட்டிங் நடுவுல நின்னா நல்லாவா இருக்கும்?"

"ஏன் ஸ்லோவா இருக்குன்னு ஒரு வாரமா கேக்கிறேன். நெட் கம்பெனிக்காரன் மேல பழி போட்டீங்களே!"

"கத்தாத. நீ படம்தானே பாக்கப்போற? மெதுவா இறங்கட்டும்."

அவள் திரும்பி வந்து தன் பெயரிலிருந்த வரம்பை எடுத்தாள். அதே வரம்பை அவனுடைய கணினிக்குப் போட்டாள். ரவுட்டரின் கடவுச்சொல்லையும் மாற்றினாள்.

பதிவிறக்கத்தின் பச்சைக் கோடு விறுவிறுவென்று நீளத் தொடங்கியது.

"ஹலோ... ஹலோ..." அடுத்த அறையில் ரகுபதி கத்திக்கொண்டிருந்தான். "நான் பேசுறது யாருக்காவது கேக்குதா?"