லிஃப்ட் இரண்டாம் கட்டத்தில்

அவள் நின்றுகொண்டிருந்தாள்.

தலையில் மாட்டியிருந்த மெய்நிகர்க் காட்சிக் கண்ணாடிக்குள் மட்டும். வெளியே, கல்லூரிக் கூட்ட அறையில், எப்போதும்போல் சக்கர நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வயதில் போலியோ. உலகத்தை இந்த உயரத்திலிருந்து அவள் பார்த்ததே இல்லை.

இன்னும் கட்டப்படாத கட்டடம் கண்முன் விரிந்தது. வெள்ளைத் தரை. கண்ணாடிக் கதவுகள். அறிவிப்புப் பலகை நேர்ப் பார்வையில் இருந்தது. அண்ணாந்து படிக்க வேண்டியிருக்கவில்லை.

"கையில இருக்கிற பட்டனை அமுக்குங்க மேடம், நடக்கலாம்." கட்டட நிறுவனத்துப் பொறியாளர் மேகலாவின் குரல் காதருகே கேட்டது.

அமுக்கினாள். நடந்தாள்.

ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதை நினைத்துத்தான் பிறகு அவளுக்கு அதிகம் எரிந்தது.

"எங்க டிபார்ட்மென்ட் எங்க?"

"எகனாமிக்ஸ் முதல் மாடி மேடம்."

படிக்கட்டு வந்தது. பட்டனை அமுக்கினாள். கால் படாமல் மேலே போய்விட்டாள்.

போனவள் திரும்பிப் பார்த்தாள்.

"லிஃப்ட்?"



"வலது பக்கம் ஒரு சுவர் தெரியுதா மேடம்?" மேகலாவின் குரல் இறங்கியிருந்தது. "அதுக்குப் பின்னாலதான் வரும். ரெண்டாம் கட்டத்துல."

"ரெண்டாம் கட்டம் எப்ப?"



அந்தச் சுவரில் அழகான ஓவியம் ஒன்று மாட்டியிருந்தார்கள்.

இப்போதைய கட்டடத்திலும் அவள் பாடம் நடத்தும் வகுப்பு மாடியில்தான். தினமும் காலையில் நான்கு மாணவர்கள் நாற்காலியோடு அவளைத் தூக்கிப் போவார்கள். மாலையில் இறக்குவார்கள். ஒரு கையால் சேலை மடிப்பையும் மறுகையால் நாற்காலியையும் இறுகப் பிடித்துக்கொள்வாள். தூக்குகிறவர்கள் முகத்தைப் பார்க்க மாட்டாள். பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்க மாட்டாள். கழிப்பறை கீழ்த்தளத்தில் இருந்தது.

புதுக் கட்டடம் வரட்டும், எல்லாம் சரியாகிவிடும் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னவர் கல்லூரிச் செயலர் குருநாதன்.

இப்போதும் அவர்தான் பேசினார்.

"அதனால என்னம்மா. நம்ம பசங்க இருக்காங்கள்ல. பூ மாதிரி தூக்கிட்டுப் போயிருவாங்க."

மேசையைச் சுற்றி யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் சிரித்ததாகத் தெரியவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றவில்லை. மறுபடி கீழே இறங்கினாள். முகப்பில் ஒரு பெரிய அறை. சோபா. தொட்டிச் செடிகள். உள்ளேயே கழிப்பறை. கதவு இரண்டு சக்கர நாற்காலிகள் சேர்ந்தே போகிற அகலம்.

"இது யார் ரூம்?"

"செக்ரட்டரி சார் ரூம் மேடம்."

கழற்றினாள். முடி சிக்கிக்கொண்டது. பிய்த்துக்கொண்டு வந்தது.

"எல்லாருக்கும் சம்மதம்தானே?" குருநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த வாரம் பூமி பூஜை. மேல யுனிவர்சிட்டி ஆளுங்க வந்திருக்காங்க, நான் போகணும்."

"எனக்குச் சம்மதம் இல்ல சார்."

"நீங்க ஒருத்தர்தானம்மா." அன்பாகவே சொன்னார். டீயை எடுத்துக்கொண்டார்.

அவள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். உள்ளங்கை காந்தியது.

படிக்கட்டின் கீழே அந்த நான்கு மாணவர்கள் காத்திருந்தார்கள். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்கள்.

"தூக்கலாமா மேடம்?"

"வேண்டாம்."

அவர்கள் புரியாமல் நின்றார்கள்.

"கிளாஸ்ல இருக்கிற எல்லாரையும் கீழ வரச் சொல்லுங்க. இன்னைக்கு இங்கதான் பாடம்."

முதல் படியை ஒட்டி, நடுவில், நாற்காலியை நிறுத்தினாள். பிரேக்கை அழுத்தினாள்.

மாணவர்கள் வந்தார்கள். எங்கே உட்காருவது என்று பார்த்தார்கள். படிகளில் உட்கார்ந்தார்கள். ஒரு படிக்கு ஐந்தாறு பேர், கைப்பிடிச் சுவரிலிருந்து எதிர்ச் சுவர்வரை. திருப்பம்வரை நிறைந்தது.

"ஒரு பொருளோட விலை ஏறுது. வாங்குறவங்க என்ன செய்வாங்க?"

குரல் நடுங்கியது. நடுங்குவது எல்லோருக்கும் கேட்டது. தொண்டையைச் செருமிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

பின்னால் செருப்புச் சத்தம் வந்து நின்றது.

"என்னம்மா இது?"

அவள் திரும்பவில்லை.

"மேல ஆளுங்க காத்திருக்காங்க. பிள்ளைங்களை எழுந்திரிக்கச் சொல்லுங்க."

மாணவர்கள் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள்.

கீழ்ப்படியில் இருந்த மாணவி பேச்சியம்மாள் பையை அணைத்துக்கொண்டு எழுந்தாள். வழிவிட ஒதுங்கினாள். மேடத்தின் முகத்தைப் பார்த்தாள்.

இருந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தாள்.

"டீச்சர்." குருநாதனின் குரல் இப்போது வேறாக இருந்தது. "நான் சொல்றது கேக்குதா?"

"அடுத்த பக்கம் எடுங்க," என்றாள் அவள்.

படிக்கட்டு முழுக்கத் தாள்கள் புரளும் சத்தம் எழுந்தது.