எட்டி நின்ற வீரர்

“பாய்ஞ்சு பாய்ஞ்சு வந்து உதை வாங்காதீங்கப்பா. உங்க ஈட்டிக்காரன் எட்டி நிக்கணும். நான் தப்பு பண்ணினாதான் குத்தணும்” என்று பாடம் எடுத்துவிட்டு, மகள் தன் அறையிலிருந்து வீடியோ கேமில் சேர்ந்தாள்.

ஹாலில் டி.வி. முன்னால் அப்பா. ஊருக்கே இடைவெளி விட்டு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் டிரைவிங் மாஸ்டர்; கேமில் மட்டும் பிரேக் பிடிக்காத ஆசாமி. எடுத்த எடுப்பிலேயே பாய்ந்து ஓர் உதை வாங்கினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு எட்டி நின்றார். மகளின் வீராங்கனையும் லேசாக அசைந்தபடி அங்கேயே நின்றாள்.

“சும்மாதானே நிக்கிறா? குத்துங்களேன்” என்றாள் மனைவி.

“உனக்குத் தெரியாது. என்னைக் கிட்ட இழுக்கப் பாக்குறா. ஏமாறுவேனா?”

“இன்னும் பத்து செகண்டுதாங்க இருக்கு!”

“அவ முதல்ல அவசரப்படட்டும்.”

நேரம் முடிந்தது. ஓர் உதை வித்தியாசத்தில் அப்பா அவுட்.

“என்ன ஒரு பொறுமை! என் பொண்ணாச்சே!” என்று அவர் வியர்வையைத் துடைத்தபோது மகளின் அறைக் கதவு திறந்தது. தோள் நிறையத் துணியோடு, தலை நனைந்து நின்றாள்.

“ஒரு உதை விட்டதுமே மழை வந்துடுச்சுப்பா. துணி எடுக்க என் ரூம் பால்கனிக்கு ஓடிட்டேன். ஆளில்லாத நேரத்துல நீங்க ஜெயிச்சதெல்லாம் செல்லாது!”