பூட்டனுக்கு ஒரு சாட்சி

குலேந்திரனின் மருமகன் டெக்லனின் பூட்டன் அயர்லாந்து விடுதலைக்குப் போராடியவராம். ஆனால் அவர் கேட்ட ஓய்வூதியம், ‘சாட்சி போதாது’ என்று அன்றே தள்ளுபடியாகிவிட்டது. அதனால் ஊர் நினைவுக்கல்லிலும் பெயரில்லை.

“சொந்த ஊர்ச்சனமே அவரைப் புளுகன் எண்டுதாம், அப்பா,” என்றாள் மகள் சாரங்கி.

குலேந்திரன் இக்காஸ்ட் நகரத்து ஆலையில் வேலை முடிந்து வந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார்.

“கூட நிண்டவையை விடு பிள்ளை. பிடிக்கத் திரிஞ்சவன் என்ன எழுதினவன் எண்டு தேடு.”

அடுத்த மாதமே பூட்டனின் பெயர் குறித்த பழைய பொலிஸ் அறிக்கை அகப்பட்டது: ‘எங்கள் சைக்கிளிலேயே தப்பிவிட்டான்.’

கல்லில் பெயர் ஏறியது.

“உங்களுக்கு எப்பிடியப்பா தெரியும்?”

“நான் அகதியா வந்தநேரம், சொந்தக்காரர் தந்த ஏழு கடிதத்தையும் இஞ்ச ஒருத்தரும் நம்பேல்லை. என்னைத் தேடித் திரிஞ்ச பொலிஸ்காரன் எழுதின துண்டைத்தான் நம்பினவை. பாவம், அவனுக்கு இன்னும் ஒரு நன்றிகூடச் சொல்லேல்லை.”