ரெஜினாக்கா பிரித்த கூறு

தராசில் ஏறிய ரெஜினாக்காவின் கூடை இன்றும் எடை குறைவுதான்.

வரிசையில் அடுத்து நின்றிருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

பழைய ஒயர் வாங்கி, உரித்து, உள்ளே இருக்கும் செம்பை விற்கிற கடை. உரிப்பது ஏழு பெண்கள். முதலாளி நிஜாம் பாய் சத்தம் போடுகிற ஆள் இல்லை. இரண்டு மாதமாகப் பார்க்கிறேன், அக்காவுக்கு வயதாகிவிட்டது, கையும் ஓடவில்லை, நாளையிலிருந்து வீட்டில் இருக்கட்டும் என்று மெதுவாகத்தான் சொன்னார்.

ரெஜினாக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு மாதம்.

அடுத்து நின்றிருந்தவள் தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன்புதான் அவள் கட்டைவிரலில் கத்தி இறங்கியது. தையல் பிரித்த பிறகும் விரல் மடங்கவில்லை. விரல் மடங்காதவளுக்கு இந்தக் கடையில் என்ன வேலை? பாயிடம் மூச்சு விடவில்லை. வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

ஆனாலும் அவள் எடை ஒருநாளும் குறைந்ததில்லை. அவளுக்குத் தடித்த கேபிளாகவே வந்து விழுந்தது. ஒரு கீறல் போட்டால் போதும், செம்பு கை நிறைய வரும். மெல்லிய ஒயர்தான் ஆளைக் கொல்லும். நாள் முழுக்க உரித்தாலும் எடை தேறாது.

தன் நேரம் நல்ல நேரம் என்று நினைத்தாள். தெருமுனைப் பிள்ளையாருக்குச் சூடம் கொளுத்தினாள். மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள். இருக்கிற சாமிக்கெல்லாம் நன்றி சொல்லி முடித்துவிட்டாள், கெட்டிக்காரி.

காலையில் குவியலை ஏழு கூறாகப் பிரித்து ஆளாளுக்கு முன்னால் வைப்பது ரெஜினாக்கா என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தாள். தான் உட்கார்ந்த இடத்தில், உரித்துப் போட்ட ஒயர்த் தோல் விரல் தடிமனில் கிடந்தது. மற்றப் பெண்களின் இடத்தில் தடித்ததும் மெல்லியதும் கலந்து கிடந்தன.

ரெஜினாக்காவின் இடத்தில் எல்லாம் நூல் நூலாக.

ஒரு வார்த்தை சொல்லவில்லையே இந்த மனுஷி. உனக்கே குப்பையைப் பிரித்துக்கொள்கிறாயே, கண் அவிந்துவிட்டதா என்று எல்லோரும் கேலி செய்தபோதுகூடச் சும்மாதான் இருந்தாள். அன்றைக்குத் தானும் சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது.



சொன்னால் தன் வேலை போகும். வாயை மூடிக்கொண்டிருந்தால் போகாது.

பாய் அடுத்த கூடையைக் கேட்டார்.

அவள் தூக்கித் தராசில் வைத்தாள். கையை எடுக்கவில்லை.

“பாய், இதுல பாதி அக்காவோடது. எனக்குக் கட்டவிரல் மடங்கல. ரெண்டு மாசமா அவங்கதான் எனக்குச் சோறு போடுறாங்க.”

ரெஜினாக்கா அவளை வாய்க்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே அழுதாள்.

பாய் அவள் கையைப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த தோலைப் பார்த்தார், ஒவ்வொரு இடமாக.



கீழே இறக்கி வைத்திருந்த ரெஜினாக்காவின் கூடையைத் தானே தூக்கி வந்தார்.

தராசில் இருந்த அவள் கூடையிலேயே கவிழ்த்து, இரண்டு பேருக்கும் ஒரே எடையாக நிறுத்தார்.