பெயர் சொன்னால் போதும்

ஜெசிந்தாவின் இணைய வானொலி திரேஸ்புரத்தில் அவள் வீட்டுப் பின்னறையில் இயங்கியது. கட்டற்ற மென்பொருள் என்பதால் அதற்குச் செலவில்லை. ஆனால் ஊரில் கேட்கும் மெட்டு ஒவ்வொன்றும் ஏதோ ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் ஒன்று மூன்று நொடி மைக்கில் விழுந்தால் மென்பொருள் அதை அடையாளம் கண்டு ஒலிபரப்பை நிறுத்திவிடும். ஆண்டுக்குள் மூன்று முறை நின்றால் உரிமம் போய்விடும்.

இரண்டு முறை நின்றிருந்தது. முதலில் மாதா கோயில் கொடியேற்றத்தின் பேண்டு வாத்தியம் ஜன்னல் வழியே வந்தது. அடுத்தது அவள் கணவன் கஸ்பாரின் சீட்டி.

அதன்பிறகு மெட்டுகளை அவளே போட்டாள். தன் பெயரைச் சொன்னால் போதும், யாரும் பாடலாம் என்று எழுதி வெளியிட்டாள்.

அன்று காலை அவள் உப்பளத் தொழிலாளர்களுக்கு வெயில் எச்சரிக்கை வாசித்துக்கொண்டிருந்தபோது, கஸ்பார் எதையோ முணுமுணுத்தபடி டீயோடு உள்ளே வந்தான். என்ன மெட்டென்று கவனிக்க நேரமில்லை. பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். மூன்று நொடி கடந்திருந்தது.

"சோலிய முடிச்சிட்டீரே!"

"நான் என்ன செய்ய? பஸ்ஸுல டிரைவர்லேர்ந்து அத்தன பேரும் இதத்தான் பாடிட்டு வாராங்க."

ஒலிபரப்பு ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு அணையவில்லை. மென்பொருளின் குரல் ஒலிபரப்பில் கேட்டது: "இசை, மரிய ஜெசிந்தா, திரேஸ்புரம். யாரும் பாடலாம்."

கஸ்பார் சிரித்தபடி டீயை மேசைமேல் வைத்தான். "யாரு பிள்ள அது, நம்ம தெருவா?"

ஜெசிந்தா மைக்கை அவன் பக்கம் திருப்பினாள்.

"இன்னொரு மட்டம் பாடும்."