அடுத்த பாட்டு

"பேயும் இல்லை, பிசாசும் இல்லை எண்டு இவர் சொல்லுறார் தம்பி. அப்ப எங்கட ரீவியில பாட்டை மாத்திறது ஆர்?"

கதவைத் திறந்ததும் திறக்காததுமாக ஜீவராணி கேட்டாள். கணினி திருத்த வந்த ஸப்வானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளவத்தையில் வைரஸ் என்று கூப்பிடுவார்கள், வைஃபை என்று கூப்பிடுவார்கள். பேய்க்காக அவனை யாரும் கூப்பிட்டதில்லை.

"பேய்க்கு எங்கட கடையில பார்ட்ஸ் இல்ல அன்ரி. மெஷினக் காட்டுங்க."

மூன்றாம் மாடி வீடு. முன்னறையில் ரீவி, அதன் கீழே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி. மகன் நிரோஷன் லண்டனுக்குப் போகுமுன் பழைய கசற் பாட்டுகளை ஏற்றிக் கேட்கவென்று லினக்ஸ் போட்டுச் செய்து கொடுத்த கணினி. அதன் முகத்தில் மூக்குத்திக் கல்லளவில் ஒரு கண் இருந்தது. ரிமோட் சொல்வதை வாங்குவது அந்தக் கண்தான். பக்கத்துக் கதிரையில் ஜீவராணியின் கணவர் நாகமணி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஒரு பழுதும் இல்லைத் தம்பி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ," என்றார்.

"பழுதில்லையோ?" ஜீவராணி பொரிந்தாள். "பின்னேரம் ஆறு மணியெண்டா இவர் பாட்டுப் போடுவார். காலி வீதிக்கே கேக்கும். சன்னலைச் சாத்தவும் விடமாட்டார். ரெண்டு பாட்டுப் போகாது, தானா அடுத்ததுக்குப் பாயும். இண்டைக்குச் சரிவராட்டில் நாளைக்கே பழைய சாமான்காரனிட்டக் குடுத்திடுவன், சொல்லிப்போட்டன்!"

நாகமணிக்கு முகம் சுருங்கிப் போனது.

"உள்ளுக்குள்ள நானூறு பாட்டுக் கிடக்கு தம்பி. கொட்டாஞ்சேனையில இருக்கேக்க நானும் சின்னராசாவும் ரேடியோவுக்கு முன்னால கசற் ரெக்கோடரைப் பிடிச்சுப் பதிஞ்சது. ஒராள் பிடிக்க, மற்றாள் மூச்சுக் காட்டப்படாது. இருமினாக் குட்டு விழும்." எழுபது வயதிலும் அந்தக் குட்டை நினைத்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

"சின்னராசா ஆரு அங்கிள்?"

"இவற்ற கூடப்பிறந்தவர்," என்று ஜீவராணி முந்திக்கொண்டாள். "பதினொரு வருசமாக் கதைபேச்சில்லை. மாமி செத்தநேரம் பேப்பரில போட்ட மரண அறிவித்தலில தன்ர மனிசியின்ர பேர் விடுபட்டுப் போச்சாம். எழுதிக் குடுத்தது இவர். பிழை இவரிலதான், ஆனா அதுக்காக இப்பிடியோ?"

ஸப்வான் இதில் மாட்டிக்கொள்ளாமல் வேலையில் இறங்கினான். பற்றரி புதிது. ரிமோட்டை போன் கமராவுக்கு முன்னால் பிடித்து அமத்தினான். போன் திரையில் அதன் நுனி ஊதாவாக மின்னியது.

"ரிமோட்டுக்கு ஒண்டுமில்ல."

தன் லப்டொப்பை இணைத்து ஒரு கட்டளையை அடித்தான். இனிப் பெட்டிக்கு எந்தப் பட்டனின் உத்தரவு வந்தாலும் அதன் பெயர் லப்டொப் திரையில் வரிவரியாக விழும். ரிமோட்டை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினான்.

"பாட்டப் போட்டிட்டேன். யாரும் ஒண்டையும் தொடாதீங்க. லினக்ஸுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மூவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடற்கரைப் பக்கம் ரயில் கத்திக்கொண்டு போனது. அது போய் முடிய ஒரு வரி விழுந்தது: 'அடுத்தது'. பாட்டு மாறியது. மறுபடியும் 'அடுத்தது'. மறுபடியும். நாலாவதாக வந்த பாட்டின் நடுவில் ஒரு பெண்குரல் கேட்டது.

"நாகு, சின்னா, சாப்பிட வாங்கோடா!"

அதற்குப் பிறகு வரி விழவில்லை.

"எங்கட அம்மா," என்றார் நாகமணி. "நல்ல பாட்டைக் கெடுத்துப்போட்டா எண்டு அண்டைக்கு ரெண்டுபேரும் சாப்பிடாமப் படுத்தனாங்கள்."

ஸப்வான் வேண்டுமென்றே லப்டொப்பால் பாட்டை மாற்றிப் பார்த்தான். உடனே 'முந்தினது' என்று விழுந்தது. அம்மாவின் பாட்டு திரும்பி வந்தது. சன்னல் பக்கமாகப் பெட்டியின் கண்ணை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு மறுபடி மாற்றினான். வரி இல்லை. கையை எடுத்தான். 'முந்தினது'.

"சன்னலாலதான் வருது அன்ரி. முன்னுக்கு இரிக்கிற வீடு யார்ட?"

பத்தடிக்கு அப்பால் எதிர் மாடி. அங்கேயும் சன்னல் திறந்திருந்தது.

"சின்னராசாவின்ர!" ஜீவராணி தலையில் கை வைத்தாள். "பார்த்தியளே? கதையாமலே எங்கட நிம்மதியைக் கெடுக்கிறார்!"

"அப்பிடி இல்ல அன்ரி. அவரும் இந்தச் சாதி ரிமோட்தான் வச்சிருப்பாரு. தன்ட ரீவிக்கு அமத்தக்குள்ள இங்கயும் விழுது, அவ்வளவுதான்." ஸப்வான் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்தான். "கண்ணுட அந்தப் பக்கத்துல சின்னத் துண்டு ஒட்டினா முடிஞ்சிது. பாட்டும் பாயாது, பெட்டிய விக்கவும் தேவயில்ல."

ஜீவராணிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "ஒட்டுங்கோ தம்பி, ஒட்டுங்கோ."

நாகமணி எழுந்து வந்து பெட்டியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஒட்டாதேங்கோ."

"ஏனப்பா? அதுதானே பழுது!"

அவர் மனைவியின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அவன்ர வீட்டில ரீவியே இல்லையப்பா. இந்தப் பெட்டியோட வந்த ரெண்டாவது ரிமோட்டைக் கீழ கேற்றில நிக்கிற வோச்சரிட்டக் குடுத்து அவனுக்கு அனுப்பினது நான்தான்."