காலடி மண்

செங்கமலத்தின் குழந்தை தொட்டிலிலிருந்து காணாமல் போன மறுநாளே, அதற்கு என்ன ஆயிற்று என்பது போலீசைத் தவிரத் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. நலச்சங்கத் தலைவர் கருணாமூர்த்தி சால்வை போர்த்திக்கொண்டு, "பெத்தவளே வித்திருப்பா சார். கண்ணுல தண்ணி வருதா பாருங்க" என்று டிவிக்காரர்களிடம் சொன்னார். போலீசும் தேடுவதை விட்டுவிட்டு அவளையே குடைந்தது. இன்று பொழுது சாய்கிற நேரத்தில் அவள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு வாசலிலும் ஒரு சிட்டிகை காலடி மண் எடுத்தாள். உப்பு மிளகாயோடு அதைக் கையில் பொத்தி, நடுத்தெருவில் கொண்டுவந்து வைத்த காலித் தொட்டிலுக்குச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு என்று வழக்கம்போலப் பொதுவாகச் சொல்லவில்லை. "நான் வித்துட்டேன்னு சொன்ன தலைவரு கண்ணு, கெணத்துல போட்டேன்னு சொன்ன டீச்சரம்மா கண்ணு, அப்பன் யாருன்னு கேட்ட டீக்கடைக்காரரு கண்ணு, அத்தனையும் எரிஞ்சு போகட்டும்" என்று தொட்டிலருகே மூட்டியிருந்த நெருப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி அடிக்காது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். நெடி அடிக்கவில்லை. தெருவே மூக்கை உறிஞ்சிப் பார்த்தது. டீச்சரம்மா மெல்ல இருமினாள். டீக்கடைக்காரர் தும்மினார். தலைவர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு, எல்லோரையும்விடப் பலமாக இருமிக் காட்டினார். செங்கமலம் அவர் முகத்தருகே வந்து உற்றுப் பார்த்தாள். "கண்ணுல தண்ணி வரலியே, தலைவரே?" என்றவள், மடியிலிருந்து இன்னொரு பிடி மிளகாயை எடுத்தாள்.